ஆன்ட்டி மறுபடியும் தூங்கிட்டாங்க

1

2023 ஜூன் 12, திங்கட்கிழமை காலை, ஜொகூர் மாநிலம் செனாயில் உள்ள ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில், இரண்டாவது வரிசைக்கு மேலே மாட்டியிருந்த தொலைக்காட்சித் திரையில் இந்த வரி தோன்றியது: ஆன்ட்டி மறுபடியும் தூங்கிட்டாங்க.

எழுத்து ஆங்கிலம், மொழி தமிழ். கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து.

இந்தக் கதை எனக்கு ஒரு கல்யாண விருந்தில் கிடைத்தது. உலு திராமில் ஒரு மண்டபம். எங்கள் மேசையில் உட்கார்ந்திருந்த ஒருவன், தான் எழுதிய ஒரு வரி எப்படித் தொழிற்சாலை முழுவதும் பரவியது என்று வேடிக்கையாகச் சொன்னான். நன்றாகவே சொன்னான். எல்லோரும் சிரித்தோம். "அப்புறம் என்னாச்சு?" என்று யாரோ கேட்டார்கள். அவன் தட்டிலிருந்த கோழித்துண்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "அப்புறம் என்னமோ ஆச்சு லா, விடுங்க" என்றான்.

அந்த "விடுங்க"தான் என்னை எழுத வைத்தது. மீதியைச் சில வாரங்கள் கழித்து, ஒரு பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில், காரைவிட்டு இறங்காமலே சொன்னான். அவனுக்கு இந்தக் கதையில் ரூபேந்திரன் என்று பெயர். வயது முப்பதை ஒட்டி. தொழிற்சாலையின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "ரூபேந்திரன் கெட்டவன் இல்லை."

அடித்துவிட்டேன். ஒருவனை அப்படி அறிமுகப்படுத்தினால், அவன் என்ன கெடுதல் செய்தான் என்று வாசகர் அடுத்த வரியிலேயே தேடத் தொடங்கிவிடுவார்.

இரண்டாம் வரைவு: "கணினிக்குக் கண் கிடையாது. ஆனால் மனிதர்கள்" என்று தொடங்கி அந்த இடத்திலேயே நின்றுபோயிற்று. அது கட்டுரை.

மூன்றாவது வரைவில் அவன் ஒரு மேசைக்கடியில் மல்லாந்து கிடக்கிறான். அதை வைத்துக்கொண்டேன்.

அது மார்ச் மாதம், மதியச் சாப்பாடு முடிந்த நேரம். அறுந்த கேபிளை மாற்றுவதற்காக ரூபேந்திரன் மேசைக்கடியில் நுழைந்திருந்தான். மேசையில் வேலை பார்த்தவர் பியாட்ரிஸ். ஐம்பத்தைந்தைத் தாண்டியவர், கூலாயிலிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் வருகிறவர். மருத்துவமனைப் புட்டிகளுக்கான மூடிகளை அடைத்த பெட்டிகள் அவர் முன்னால் வரும். ஒவ்வொரு பெட்டியையும் ஸ்கேனரால் தட்டி, தொகுதி எண்ணை, அதாவது பேட்ச் நம்பரை, கையால் கணினியில் பதிய வேண்டும். முதல் நாள் இரவு முழுவதும் பக்கத்து வீட்டுச் சாவுக்குப் போய் செபமாலை சொல்லிவிட்டு, காலையில் நேராக வேலைக்கு வந்திருந்தார். ரூபேந்திரன் மேசைக்கடியிலிருந்து தலையை நீட்டியபோது பியாட்ரிஸின் கண்கள் மூடியிருந்தன. கையில் ஸ்கேனர். அதன் சிவப்பு வெளிச்சம் அவருடைய முழங்காலைப் படித்துக்கொண்டிருந்தது.

"ஆன்ட்டி."

"ஆ! இல்லப்பா, சும்மா கண்ணு எரியுது."

அவ்வளவுதான் நடந்தது. அதற்கு முன்போ பின்போ அவர் தூங்கி ரூபேந்திரன் பார்த்ததில்லை. இதை அவனிடம் நான் மூன்று விதமாகக் கேட்டேன். மூன்று முறையும் இல்லை என்றுதான் சொன்னான்.

தன் அறைக்குப் போனான். அந்த வாரம் அவன் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருந்தான். மேசைகளிலிருந்து வரும் பதிவுகளைச் சரிபார்த்துக் கிடங்குக்கு அனுப்பும் சின்ன நிரல். ஒவ்வொரு படியிலும் என்ன நடக்கிறதென்று தனக்குத் தெரிய, இடையிடையே ஒரு வரியைத் திரையில் காட்டச் சொல்லியிருந்தான். பதிவு வந்தது. பதிவு சரி. அனுப்பியாயிற்று. தொகுதி எண் காலியாக வந்தால் என்ன காட்டுவது? விசைப்பலகையில் கைவைத்தவன், அந்த நிமிடம் மனதில் இருந்ததைத் தட்டினான்.

அவன் மட்டுமே பார்க்கிற திரை அது. தமிழில் தட்டினால் அந்த அறையில் வேறு யாருக்கும் புரியாது. நமக்கெல்லாம் இந்தப் பழக்கம் உண்டு. மற்றவர்கள் நடுவில் இருக்கும்போது தமிழை ஒரு கதவைப் போலச் சாத்திக்கொண்டு உள்ளே சிரிப்போம்.

(தெரியாதவர்களுக்காக: கட்டளை வரியில் எக்கோ என்று தட்டி, மேற்கோள் குறிகளுக்குள் எதை வைத்தாலும் திரை அதை அப்படியே காட்டும். "மழை பெய்கிறது" என்று வைத்தால் மழை பெய்கிறது என்று காட்டும். சன்னலை எட்டிப் பார்க்காது.*)

* கதை எழுதுகிறவர்களும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறோம். ஆனால் இந்த ஒப்பீட்டை நீட்டினால் ரூபேந்திரனின் குற்றத்தில் நானும் ஒரு பங்கு வாங்கிக்கொண்டு அவன் பாரத்தைக் குறைத்தது போலாகும். நிறுத்திக்கொள்கிறேன்.

3

ஜூன் மாதம் உற்பத்தி மேலாளர் லிம்முக்கு ஒரு யோசனை வந்தது. வரிசையில் என்ன நடக்கிறதென்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். பெரிய திரை வேண்டும். "உன் கறுப்புத் திரையில ஓடுது இல்ல, அதையே மேல காட்டு" என்றார் ரூபேந்திரனிடம். அவன் கேபிள் இழுத்துக் காட்டினான். எண் காலியானால் வரும் வரியை மாற்ற மறந்துவிட்டான்.

(மறந்துவிட்டதாகச் சொன்னான். "நெசமாவே மறந்துட்டீங்களா?" என்று கேட்டேன். "மறந்துட்டேன்னுதான் நினைக்கிறேன்" என்றான்.)

திங்கட்கிழமை காலை வரி திரையில் ஏறியபோது, அந்தக் கூடத்தில் அதைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் மூன்று பேர். ரூபேந்திரன், பியாட்ரிஸ், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் குணாளன். குணாளன் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

"என்னப்பா அது, என்னையா சொல்லுது?" என்றார் பியாட்ரிஸ்.

"இந்த லைன்ல வேற எந்த ஆன்ட்டி இருக்காங்க? மேல பாருங்க." மேசைக்கு மேலே, பெட்டியில் லேபிள் நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒரு கேமரா இருந்தது. குணாளன் அதைக் கையால் காட்டினான். "கம்ப்யூட்டருக்குக் கண்ணு இருக்கு லா. எல்லாத்தையும் பாக்குது."

"அலமாக்! நான் கண்ண மூடவே இல்லையேப்பா."

"மூடுனவங்களுக்கு மூடுனது எப்படித் தெரியும் ஆன்ட்டி?"

ரூபேந்திரன் பக்கத்தில்தான் நின்றான். அவனும் சிரித்தான். கார் நிறுத்துமிடத்தில் இதைச் சொல்லும்போது, "வாயால மட்டும் சிரிச்சேன்" என்றான். அது எந்த வகையில் உதவும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவன் சொன்னதால் எழுதுகிறேன்.

லிம் வந்தார். மேலே பார்த்து, இது என்ன மொழி, என்ன அர்த்தம் என்று கேட்டார்.

"தொகுதி எண் இல்லைன்னு அர்த்தம், பாஸ். ஒரு கோட்" என்றான் ரூபேந்திரன்.

லிம்முக்கு அது பிடித்துப்போனது. வெளியாட்களுக்குப் புரியாத குறியீடு. நல்லதுதானே. அடுத்த வாரமே திரையில் வரும் செய்திகளையெல்லாம் ஒரு தாளில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, சுவரில் மாட்டினார். ஒரு பக்கம் வரி, மறுபக்கம் ஆங்கிலத்தில் பொருள். மேற்பார்வையாளர் ஹஃபிஸ், எண் விடுபட்டால் தூரத்திலிருந்தே குரல் கொடுப்பார்: "ஆன்ட்டி மறுபடி!" அவருக்கு அது ஒரு பழுதின் பெயர், அவ்வளவுதான்.

வரியை மாற்ற ஒரு நிமிடம் போதும். ரூபேந்திரன் மாற்றவில்லை. மாற்றினால் லிம் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் முதலில் சொன்னது பொய் என்றாகும். ஒவ்வொரு வாரம் கழியும்போதும் அந்த ஒரு நிமிட வேலை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே போனது.

4

(நீக்கப்பட்டது. இந்தப் பகுதியில் பியாட்ரிஸுக்கு முதல் நாளிலிருந்தே எல்லாம் தெரியும் என்று எழுதியிருந்தேன். வரியை எழுதியது யார் என்று தெரிந்தும், சின்னப் பையன் என்று பெரிய மனதோடு மன்னித்து, ஒருநாள் அவனுக்குக் கட்டிக்கொண்டுவந்த இடியாப்பத்தை நீட்டுகிறார். படிக்க நன்றாக இருந்தது. மறுநாள் திரும்பப் படித்தபோது, அது யாருக்கு வசதியான காட்சி என்று புரிந்தது. பியாட்ரிஸுக்கு அல்ல.)

5

பியாட்ரிஸ் அந்த வரியை நம்பினார்.

இதில் அவரை அப்பாவி என்று நினைக்க ஒன்றுமில்லை. தொழிற்சாலையில் வேறு எந்தத் திரை பொய் சொல்லியிருக்கிறது? வெப்பநிலை என்றால் வெப்பநிலை. எடை என்றால் எடை. வேலைக்கு வந்த நேரம் என்றால் வந்த நேரம். இது மட்டும் விளையாட்டு என்று அவர் ஏன் நினைக்க வேண்டும்? தனக்குத் தெரியாமலே தன் கண்கள் மூடிக்கொள்கின்றன என்று முடிவு செய்தார். அந்த வரிசையில் வேலை நேரத்தில் தூங்கினால் எச்சரிக்கை கிடையாது, நேராக வேலைநீக்கம்தான். மருத்துவப் பொருள் செய்யும் இடம். ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. மேலே இருப்பவர்களுக்கு அந்தத் தமிழ் புரியாது என்பதுதான் அவருக்கு ஒரே ஆறுதல்.

முதலில் ஸ்டூலை ஓரமாகத் தள்ளினார். நின்றுகொண்டே வேலை செய்யத் தொடங்கினார். பிறகு ஒரு ஃபிளாஸ்க்கில் பால் சேர்க்காத கோப்பி ஓ கொண்டுவந்தார். பிறகு கிளினிக் போனார். சர்க்கரை பார்த்தார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள், இரவில் குறட்டை விடுவீர்களா என்று கேட்டார்கள். கணவர் இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. குறட்டை விடுகிறாரா என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

எண் விடுபடுவது உண்மைதான். லேபிள் மை கலைந்திருக்கும்போதும், இரண்டு பெட்டிகள் ஒன்றாக வரும்போதும் அவர் தவறவிட்டார். நிற்கத் தொடங்கிய பிறகும் தவறவிட்டார். அப்போது திரை சொன்னது, நின்றுகொண்டே தூங்குகிறார் என்று.

ரூபேந்திரன் அவர் நிற்பதைப் பார்த்தான். இடுப்புவலிக்கு டாக்டர் நிற்கச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டான்.

இனி வருவதை அவன் கல்யாண மேசையில் சொல்லவில்லை. காரிலும் கடைசியாகத்தான் சொன்னான். ஆகஸ்டில் ஒருநாள், தண்ணீர் பிடிக்கும் இடத்தில் பியாட்ரிஸ் அவனை நிறுத்திக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, கோவிச்சுக்காத. அது எவ்ளோ நேரம் கண்ண மூடினா காட்டும்?"

"எது ஆன்ட்டி?"

"மேல வருதே. கண்ண சிமிட்டினாக்கூடவா? நான் சிமிட்டாமத்தான் பாக்குறேன். கண்ணுல தண்ணி வந்துருது."

அவன் அங்கேயே சொல்லியிருக்கலாம். வேறு யாரும் இல்லை. லிம் இல்லை, குணாளன் இல்லை. தண்ணீர் புட்டி நிரம்பி வழிகிற சத்தம் மட்டும்.

"தெரியல ஆன்ட்டி" என்றான். "சிஸ்டம் செட்டிங் அது."

"மேல உள்ளவங்ககிட்ட சொல்லிறாத, என்ன?"

"சொல்ல மாட்டேன் ஆன்ட்டி."

அவர் "காட் பிளஸ் யூ" என்று சொல்லிவிட்டுப் போனார். ரூபேந்திரனின் முகம் சுருங்கி அவன் கண்களில் ஈரம்

(இல்லை. அவன் முகத்தை அப்போது நான் பார்க்கவில்லை. காரில் சொன்னபோது பார்த்தேன். ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். அதில் தூசி இல்லை.)

6

நவம்பரில், மூடிகளை வாங்கும் சிங்கப்பூர் நிறுவனத்திலிருந்து தர ஆய்வுக்கு ஒருவர் வந்தார். பெயர் கிளாரிசா. நாற்பது வயதிருக்கும். லிம், ஹஃபிஸ், ரூபேந்திரன் மூவரும் அவரைச் சுற்றிக் காட்டினார்கள். சுவரில் உறைபோட்டு மாட்டிய தாளின் முன்னால் கிளாரிசா நின்றார். லிம் பெருமையோடு, அது எங்கள் உள் குறியீடு, தொகுதி எண் இல்லை என்று அர்த்தம் என்றார்.

"மிஸ்டர் லிம்," என்றார் கிளாரிசா ஆங்கிலத்தில், "எனக்குத் தமிழ் தெரியும்."

பிறகு ரூபேந்திரன் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார். "யாரு இந்த ஆன்ட்டி?"

ஐந்து மாதம் சாத்தி வைத்திருந்த கதவை வெளியிலிருந்து ஒருவர் சும்மா தள்ளித் திறந்துவிட்டார்.

கிளாரிசா லிம்முக்கு வரியை மொழிபெயர்த்துச் சொன்னார். மருத்துவப் பொருள் வரிசையில் ஒரு தொழிலாளி திரும்பத் திரும்பத் தூங்குவதாக உங்கள் கணினியே அறிவிக்கிறது, நீங்கள் அதை உறை போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறீர்கள் என்றார். லிம்மின் காது சிவந்தது. அவர் ரூபேந்திரனைப் பார்க்கவில்லை. ஹஃபிஸைப் பார்த்து, பியாட்ரிஸை மீட்டிங் அறைக்கு அழைத்துவரச் சொன்னார்.

பியாட்ரிஸ் வந்தார். தலையுறையைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தார். நாற்காலியைக் காட்டினார்கள். அவர் உட்காரவில்லை.

கிளாரிசா தமிழிலேயே கேட்டார். "ஆன்ட்டி, பயப்படாதீங்க. வேலை நேரத்துல தூங்குறீங்களா?"

"ஆமா மேடம்." தயங்காமல் சொன்னார். "ஒத்துக்கிறேன். தெரிஞ்சு செய்யல. ஆனா முந்திக்கு இப்ப பரவால்ல, நின்னுக்கிட்டேதான் வேலை செய்றேன். டாக்டர்ட்ட போயிருக்கேன். சீட்டு இருக்கு, கொண்டாந்து காட்டுறேன். வேலையவிட்டு எடுத்துறாதீங்க மேடம்."

(இங்கே ஒரு பத்தி எழுதி அடித்தேன். அந்த அறையின் குளிர், சுவர்க் கடிகாரம், சன்னலுக்கு வெளியே செனாயில் இறங்குகிற விமானம். அந்த நேரத்தில் ரூபேந்திரன் என்ன செய்தான் என்பதிலிருந்து உங்கள் கண்ணைத் திருப்புவதற்காக அவற்றை எழுதியிருந்தேன். அவன் ஒன்றும் செய்யவில்லை.)

கிளாரிசா கையிலிருந்த கணினியில், திரையில் வந்த வரிகளின் பதிவைப் பார்த்தார். "போன ஞாயித்துக்கிழமைகூட வந்திருக்கு. அன்னைக்கும் தூங்கினீங்களா?"

"ஞாயித்துக்கிழமையா?" பியாட்ரிஸ் புருவத்தைச் சுருக்கினார். "ஞாயித்துக்கிழமை நான் வேலைக்கு வர்றதில்லையே மேடம். என் எடத்துல வேற ஆளு. பூசையில இருப்பேன்." கொஞ்சம் யோசித்தார். "பிரசங்கத்துல வேணா தூங்கியிருப்பேன்."

கிளாரிசா சிரித்துவிட்டார். லிம் என்னவென்று கேட்டு, அவரும் சிரித்தார். ஹஃபிஸ் சிரித்தார். பியாட்ரிஸும் சிரித்தார். சிரிப்பு அவர் முகத்தில்தான் முதலில் நின்றது. மெல்ல ரூபேந்திரன் பக்கம் திரும்பினார்.

"அப்ப நான் இங்கயும் தூங்கலையா தம்பி?"

7

இங்கேதான் கதை நிற்கிறது. கையில் இருக்கும் முடிவுகளைக் காட்டிவிடுகிறேன்.

ஒன்று. ரூபேந்திரன் சொல்கிறான்: "நான்தான் எழுதினேன் ஆன்ட்டி. ஒருநாள் உங்களப் பாத்து, சும்மா விளையாட்டுக்கு. அதுக்குக் கண்ணு கிடையாது. நம்பர் இல்லைன்னா அது வரும், அவ்வளவுதான். தண்ணி பிடிக்கிற எடத்துல கேட்டீங்களே, அப்பவே சொல்லியிருக்கணும்." பியாட்ரிஸ் நாற்காலியை இழுத்து உட்காருகிறார். இதை எழுத எனக்கு ஆசை. நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் கடைசியில் அவன் அழுதான், நான் அழிக்க வேண்டியிருந்தது.

இரண்டு. ரூபேந்திரன் லிம் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொல்கிறான்: அது சோதனைக்காகப் போட்ட வாசகம், எடுக்காமல் விட்டுப்போனது, கணினி யாரையும் கண்காணிக்கவில்லை. சொன்னது அத்தனையும் உண்மை. கிளாரிசா, யார் போட்டது, யாரை நினைத்துப் போட்டது என்று கேட்காமல் குறிப்பை முடித்துக்கொள்கிறார். பியாட்ரிஸுக்கு ஆங்கிலம் கடைக்கும் கிளினிக்குக்கும் போதும், அதற்கு மேல் போகாது. அவர் கேட்ட கேள்வி மேசையிலேயே கிடக்கிறது.

மூன்று. காரில் அவன் என்னிடம் சொன்னது. அதை அப்படியே தருகிறேன்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சொன்னேன்."

"என்னன்னு?"

"உண்மையத்தான் லா சொன்னேன்."

"எந்த மொழியில சொன்னீங்க?"

அவன் காரைக் கிளப்பினான். நான் இறங்கிக்கொண்டேன்.

குணாளனிடம் பியாட்ரிஸின் தொலைபேசி எண் இருக்கிறது. வாங்கிவைத்திருக்கிறேன், கூப்பிடவில்லை. கூப்பிட்டு, "அன்று அவன் உங்களிடம் என்ன சொன்னான்?" என்று கேட்டால், ஒருவேளை அவன் ஒன்றுமே சொல்லியிருக்காவிட்டால், அந்த வரியை எழுதியது யார் என்பதை அவரிடம் முதலில் சொல்லும் ஆள் நானாகிவிடுவேன். பியாட்ரிஸ் தமிழ் நன்றாகப் படிப்பார். பெயர்களை மாற்றிவிட்டேன். அந்த ஒரு வரியை மட்டும் மாற்ற முடியவில்லை, மாற்றினால் கதையே இல்லை. ஆகவே இது அச்சேறி அவர் கண்ணில் பட்டால், ரூபேந்திரன் ஒரு நிமிடத்தில் தமிழில் சொல்லியிருக்க வேண்டியதை நான் இத்தனை பக்கங்களில் சொன்னதாகும். அவன் சொல்லிவிட்டான் என்று நீங்கள் நம்பினால் முதல் முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த நம்பிக்கை சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை.

8

தெரிந்தவை இவை.

ஆய்வுக் குறிப்பு இரண்டு வாரத்தில் முடித்துவைக்கப்பட்டது. திரையில் வரும் செய்திகள் இனி ஆங்கிலத்தில் மட்டுமே இருக்க வேண்டும் என்று தொழிற்சாலை விதி போட்டது. ரூபேந்திரனுக்கு வாய்மொழி எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. அவன் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறான். பியாட்ரிஸ் மீது நடவடிக்கை எதுவும் இல்லை.

2024 ஜனவரியில் பியாட்ரிஸ் வேலையை விட்டார்.